காரைக்குடியில் ஒரு இங்கிலீஷ் வகுப்பு: இடியம் கற்றுக்கொள்ள நினைப்பவர்களுக்கு

காரைக்குடியில் ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்புக்குப் பஞ்சமே இல்லை, செக்காலை ரோட்டுப் பக்கம் ஒரு நடை போய் வந்தாலே தெரியும். ஆனால் எனக்குத் தெரிந்த இடங்களில் இடியம் (மரபுத்தொடர்) என்றால் ஒரு ஜெராக்ஸ் கட்டைக் கையில் கொடுத்து மனப்பாடம் பண்ணச் சொல்வதோடு சரி. நான் இப்போது போய்க்கொண்டிருக்கும் சாயங்கால வகுப்பு அந்த ரகம் இல்லை, அதனால்தான் விலாவாரியாக எழுதுகிறேன். நடத்துபவர் கல்லூரியில் ஆங்கிலம் நடத்தி ஓய்வுபெற்றவர். தன் வீட்டு முகப்பிலேயே பெஞ்ச் போட்டு நடத்துகிறார், விளம்பரம் எதுவும் கிடையாது.

எனக்கு இது தேவைப்பட்டது வேலைக்காக. கானாடுகாத்தானில் ஹோட்டலாக மாற்றிய ஒரு பழைய வீட்டில், வருகிற வெளிநாட்டு விருந்தினர்களுக்கு வீட்டைச் சுற்றிக் காட்டுவது என் பொறுப்பு. இலக்கணப் பிழை இல்லாமல் பேச வரும், ஆனால் பாடம் ஒப்பிக்கிற மாதிரி இருக்கும். அவர்கள் பேச்சின் நடுவே சர்வசாதாரணமாக வந்து விழும் தொடர்கள் காதுக்குப் புரியும், நம் வாயில் வராது. இதே நிலையில் நிறையப் பேர் இருப்பார்கள் என்று நினைக்கிறேன்.

வகுப்பு நடக்கும் விதம் எளிமையானது. சார் ஒரு வெறும் வாக்கியத்தை எழுதுவார், அதை இடியம் வைத்து மாற்றிச் சொல்ல வேண்டும். சொன்னதும், "சரி, இதை யார் யாரிடம் சொல்றா, எந்த இடத்துல சொல்றா?" என்று கேட்பார். முக்கால்வாசிப் பதில்கள் இந்தக் கேள்வியில்தான் அடிபட்டுப் போகும்.

ஒரு நாள் அவர் கொடுத்த வாக்கியம், இந்த வீட்டைக் கட்ட ஏராளமாகப் பணம் செலவானது என்பது. நாலைந்து பேர் ஒரே குரலில் 'இட் காஸ்ட் அன் ஆர்ம் அண்ட் எ லெக்' என்றோம். அர்த்தம் சரிதான். ஆனால் அந்தத் தொடரில் ஒரு புலம்பல் இருக்கிறது, இவ்வளவு போய்விட்டதே, கொள்ளை விலையாக இருக்கிறதே என்று சலித்துக்கொள்கிற தொனி. பர்மாத் தேக்கைக் கப்பலில் இறக்கி, சுண்ணாம்பையும் முட்டை வெள்ளைக்கருவையும் சேர்த்துக் கண்ணாடி மாதிரி சுவர் பூசிய மனிதர்களைப் பற்றிப் பெருமையாகச் சொல்ல வேண்டிய இடத்தில் அது ஒட்டாது. அங்கே 'தே ஸ்பேர்டு நோ எக்ஸ்பென்ஸ்' என்றுதான் வர வேண்டும், செலவைப் பார்க்காமல் செய்தார்கள் என்ற நிமிர்வு அதில் இருக்கிறது. அதே ஆர்ம் அண்ட் எ லெக், அந்த வீட்டின் கூரை ஓடுகளை இப்போது மாற்ற ஆகிற செலவைச் சொல்லும்போது கச்சிதமாக உட்காரும். இதைக் கேட்ட மறுநாளே நான் விருந்தினர்களிடம் சொல்லும் வர்ணனையில் அந்த வரியைச் சேர்த்துக்கொண்டேன்.

அடுத்தது இலக்கணம். இடியத்தை நம் இஷ்டத்துக்கு வளைக்க முடியாது என்பதை இவர் மாதிரி தெளிவாக யாரும் எனக்குச் சொன்னதில்லை. 'ஸ்பில் த பீன்ஸ்' என்றால் ரகசியத்தைப் போட்டு உடைப்பது, அதைச் செயப்பாட்டு வினையாக்கி 'த பீன்ஸ் வேர் ஸ்பில்ட்' என்றாலும் பொருள் நிற்கும். இறந்துபோவதைச் சொல்லும் 'கிக் த பக்கெட்'டை அப்படித் திருப்பினால் நிஜமாகவே யாரோ வாளியை உதைத்தார்கள் என்றுதான் ஆகும். "கம்பி நீட்டினான்னு சொல்லலாம், கம்பி நீட்டப்பட்டதுன்னு யாராவது சொல்வோமா?" என்றார் சார். அதன் பிறகு விளக்கமே தேவைப்படவில்லை. அப்புறம், கிக் த பக்கெட் விளையாட்டுப் பேச்சு, துக்கம் விசாரிக்கிற இடத்தில் வாயைத் திறந்துவிடக் கூடாது. அங்கே 'பாஸ்டு அவே' போதும்.

எங்களோடு ஒரு ஆச்சி படிக்கிறார், அமெரிக்காவில் இருக்கும் பேரப்பிள்ளைகளோடு பேசுவதற்காக. நெருங்கிய உறவினர் ஒருவர் இதய அறுவைச் சிகிச்சை முடிந்து ஆஸ்பத்திரியில் இருப்பதைச் சொல்ல 'அண்டர் த வெதர்' என்று எழுதியிருந்தார். "ஆச்சி, அது சளி, லேசான காய்ச்சல், உடம்பு கொஞ்சம் சோர்வு, அவ்வளவுக்குத்தான். இதுக்கு 'சீரியஸ்லி இல்'னு நேராவே எழுதிடுங்க, இடியம் வேண்டாம்" என்றார் சார். "அப்படியா சார், இந்த வித்தியாசத்தைப் புத்தகத்துல போடலையே" என்றார் ஆச்சி. நியாயமான கேள்வி. பொருள் மட்டும் போட்ட பட்டியல்களில் இது வருவதில்லை. ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ், லாங்மேன் ஆகியவற்றின் மாணவர் அகராதிகளில் பேச்சுவழக்கு, பழைய வழக்கு, நகைச்சுவை என்று பக்கத்திலேயே குறிப்பு இருக்கும், அதைப் பார்க்காமல் எந்த இடியத்தையும் எடுக்கக் கூடாது என்பது இந்த வகுப்பில் சட்டம். மூன்றுமே இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன.

வெளிநாட்டுப் படிப்பு, வேலைக்குக் கேட்கிற ஆங்கிலத் தேர்வான ஐஈஎல்டிஎஸ் எழுதப் போகிறவர்களுக்கும் இங்கே விஷயம் இருக்கிறது. அதன் பேச்சுத் தேர்வு 11 முதல் 14 நிமிடம், நாலு அளவுகோலில் ஒன்று சொல்வளம். பேண்ட் 7-க்கான (ஒன்பதுக்கு ஏழு மதிப்பெண்) விவரத்திலேயே அதிகம் புழங்காத சொற்களும் இடியமும் ஓரளவு வர வேண்டும் என்று இருக்கிறது, அங்கங்கே சில பொருந்தாமல் போனாலும் பரவாயில்லை என்கிறார்கள். இதைப் படித்துவிட்டுத்தான் எல்லாரும் எழுத்துத் தேர்வின் 250 வார்த்தைக் கட்டுரையிலும் இடியமாக அள்ளிக் கொட்டுகிறார்கள். பேச்சில் எடுபடுவது கட்டுரையில் அரட்டை மாதிரி தெரியும். சார் இதற்கென்று தனியாகத் தலைகீழ்ப் பயிற்சி வைத்திருக்கிறார், இடியம் உள்ள வாக்கியத்தைக் கொடுத்துப் பொருள் குறையாமல் வெறும் வாக்கியமாக எழுதச் சொல்வார். என்னைக் கேட்டால் வகுப்பிலேயே பயனுள்ளது இதுதான், இதை இன்னும் கூடுதல் நேரம் நடத்தலாம்.

குறைகளும் உண்டு. உச்சரிப்புக்கு நேரமே ஒதுக்குவதில்லை. இடியத்தில் எந்தச் சொல்லில் அழுத்தம் விழும் என்று தெரியாமல் சொன்னால் கேட்பவருக்கு அது இடியம் என்றே பிடிபடாது, எனவே இது சின்னக் குறை இல்லை. கொடுக்கிற நோட்ஸ் பழையது, மழை கொட்டுவதைச் சொல்லும் 'ரெய்னிங் கேட்ஸ் அண்ட் டாக்ஸ்' முதல் பக்கத்திலேயே இருக்கிறது. எங்கள் ஹோட்டலுக்கு வந்த பிரிட்டிஷ்காரர்கள் வாயில் நான் கேட்டது 'இட்ஸ் போரிங்' (pouring), 'பக்கெட்டிங் டவுன்' இரண்டும்தான். சனிக்கிழமை கூட்டம் அதிகம், எல்லாருக்கும் வாய்ப்பு வராது. வாயைத் திறக்காதவர்களைச் சார் கவனிக்காமலே விட்டுவிடுகிறார் என்பதில் எனக்கு வருத்தம், உண்மையில் அவர்களுக்குத்தான் இந்த வகுப்பு அதிகம் தேவை.

கட்டணம் மாதாமாதம் கட்டினால் போதும், மொத்தமாக முன்பணம் கேட்பதில்லை. அடிப்படை வாக்கியமே இன்னும் தடுமாறுகிறது என்றால் இப்போதைக்குச் சேர வேண்டாம், வேகத்துக்கு ஈடுகொடுப்பது கஷ்டம். ஹோட்டல், டிராவல்ஸ், வெளிநாட்டு வாடிக்கையாளரோடு போனில் பேசும் வேலை என்று ஏற்கெனவே இங்கிலீஷ் பேசிக்கொண்டிருப்பவர்கள் தாராளமாகப் போகலாம். சனிக்கிழமையை விட்டுவிட்டு வார நாளில் ஒரு வகுப்பு உட்கார்ந்து பார்க்கக் கேளுங்கள், முதல் நாளுக்குக் காசு வாங்க மாட்டார்.