சிஏ பூச்சு என்று சொல்லி ஸ்பிரிட் பாலிஷ்: மரப் பேனா வாங்குவோர் கவனத்துக்கு

வியாசர்பாடிப் பக்கம் ஒரு கடைசல் பட்டறையில் 40 மரப் பேனாவுக்கு ஆர்டர். பாதி ஈட்டி, பாதி தேக்கு. "சிஏ, பத்து கோட்டு" என்று பேனாவுக்கு 120 ரூபாய் கூடுதலாக வாங்கினார்கள். கையில் கொடுத்தபோது கண்ணாடி மாதிரிப் பளபளப்பு. மூன்றாவது வாரம், விரல் பிடிக்கிற இடம் மட்டும் மங்கிப்போனது. சானிடைசர் ஈரம் காயாத கையோடு எடுத்த பேனாவில் கைரேகையே பதிந்துவிட்டது.

குட்டு உடைந்தது அங்கேதான். சிஏ என்பது சயனோஅக்ரிலேட், நம்ம ஊர் ஃபெவிக்விக் வகைப் பசை. இறுகியபின் சானிடைசர் அதை அசைக்காது. சானிடைசரில் கரைவது அரக்கு. இவர்கள் பூசியது ஸ்பிரிட் பாலிஷ்: லேத் சுற்றும்போதே துணியால் அழுத்தித் தேய்த்துச் சூட்டில் மெருகேற்றும் அரக்கு, ஸ்பிரிட் (ஆல்கஹால்), எண்ணெய்க் கலவை. ஐந்து நிமிட வேலை. குங்குமச் சிமிழுக்கு அருமையாக இருக்கும். ராயபுரம், காசிமேடு புழுக்கத்தில் வியர்த்த கை நாள் முழுக்கப் பிடிக்கிற பேனாவுக்குத் தாங்காது.

கேட்டால், "ஆயில் மரம் சார், அப்டித்தான் இருக்கும்" என்று பதில். ஈட்டி, தேக்கு இரண்டிலும் எண்ணெய்ப் பசை உண்டு, வாஸ்தவம். ஆனால் எண்ணெயால் சிஏ கெட்டால் செதில் செதிலாக உரியும், மங்காது. அசிடோனால் துடைத்து, அது ஆவியானதும் முதல் கோட்டு போட்டால் அந்தத் தொல்லையும் இல்லை.

ஒழுங்கான வேலை இப்படி: 400 உப்புத்தாள் வரை இழைத்துத் தூசி தட்டி, நீர்த்த சிஏ இரண்டு கோட்டு, நடுத்தரக் கெட்டியில் ஆறிலிருந்து எட்டு. டிஷ்யூ தாளால்தான் பூச வேண்டும். பருத்தித் துணியில் சிஏ ஊறினால் சூடேறிப் புகையும், விரல் வேகும். சீக்கிரம் காய ஸ்ப்ரே அடித்தால் உள்ளே வெள்ளைக் குமிழி நிற்கும். சென்னை ஈரக்காற்றுக்கு அது தேவையே இல்லை. கடைசியில் இரண்டு முனைகளையும் சிஏ தொட்டு அடைக்க வேண்டும். பலர் விடுவது இதைத்தான். அடைக்காவிட்டால் தண்ணீர் தொட்டு இழைக்கும்போதே முனை வழியாக ஈரம் ஏறிப் பூச்சு வெண்மையாகத் தூக்கும்.

மீதிப் பணம் கொடுக்குமுன் கிளிப்புக்கு அடியில், ஸ்பிரிட் நனைத்த பஞ்சை அரை நிமிடம் வைத்துப் பாருங்கள். பிசுபிசுத்தால் அரக்கு. அசிடோன் சோதனையைப் பேனாவில் செய்யாதீர்கள், சிஏவும் அதில் இளகும். "டூ-கே பியு" (ஹார்டனர் என்ற இறுக்கியைக் கலந்து பூசும் பாலியூரித்தேன்) என்று சொன்னால் டின்னைக் காட்டச் சொல்லுங்கள். ஹார்டனர் தனி டப்பாவில் இல்லையென்றால் அது டூ-கே இல்லை.

இப்போது "கொண்டாங்க, அது மேலயே சிஏ போட்டுத் தர்றேன்" என்கிறார்கள். ஒத்துக்கொள்ளாதீர்கள். பாலிஷ் எண்ணெய்மேல் சிஏ பிடிக்காது. பேனாவைப் பிரித்து, ஸ்பிரிட்டால் துடைத்து, 320 தாளில் வெறும் மரம் வரை இறக்க வேண்டும். கை கொஞ்சம் அழுந்தினாலும் மரம் உலோக வளையத்தைவிடத் தாழ்ந்து, விரலில் நிரடுகிற படி விழுந்துவிடும்.