பொதுவாசிப்புக்கு ஹென்ரியெட்டா லாக்ஸின் கதை பொருந்துமா?

பல்கலைக்கழகம் முழுவதும் ஓராண்டுக்கு ஒரே நூலை வாசிப்பதென்றால், மருத்துவ மாணவரும் இலக்கிய மாணவரும் நூலகப் பணியாளரும் ஒருவரோடொருவர் வாதிட அதில் இடமிருக்க வேண்டும். அந்த அளவுகோலுடன்தான் ரெபெக்கா ஸ்க்லூட் எழுதி 2010இல் வெளிவந்த ‘தி இம்மார்ட்டல் லைஃப் ஆஃப் ஹென்ரியெட்டா லாக்ஸ்’ நூலை மீண்டும் படித்தேன்.

1951இல் கருப்பைவாய்ப் புற்றுநோயால் இறந்த கறுப்பினப் பெண்ணான ஹென்ரியெட்டா லாக்ஸிடமிருந்து, அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் அவரது ஒப்புதலின்றி எடுக்கப்பட்ட செல்கள், ஹீலா என்ற பெயரில் உலகெங்கும் ஆய்வகங்களில் பெருகி, போலியோ தடுப்பூசிச் சோதனைக்கும் பயன்பட்டன. அவருடைய குடும்பத்தினருக்கோ இருபது ஆண்டுகளுக்கும் மேலாக அச்செய்தியே தெரியாது. உயிரியல், சட்டம், இனப்பாகுபாடு, வணிகம் அனைத்தும் இந்த ஒரு நிகழ்வில் பின்னிக் கிடப்பதால், எத்துறையினரும் தமக்குரிய கேள்வியோடு நூலுக்குள் நுழையலாம். மகள் டெபோரா ஆய்வகத்தில் தாயின் செல்களைக் காணும் பகுதியை மட்டுமே வைத்து ஒரு மாலை முழுவதும் விவாதிக்க முடியும்.

காலவரிசை முன்னும் பின்னுமாகத் தாவுவது புதிய வாசகரைச் சற்றுக் களைப்படையச் செய்யும். ஆசிரியர் தம்மையே அடிக்கடி முன்னிறுத்துவது எனக்கு உவப்பாக இல்லை (என் மாணவர்கள் அதைத்தான் ரசிக்கக்கூடும்). பாலியல் வன்முறை குறித்த பகுதிகள் இருப்பதால் முன்னறிவிப்பு தேவை. ஹீலா செல்களால் லாபம் ஈட்டியதாகத் தாம் வழக்குத் தொடுத்த தெர்மோ ஃபிஷர் என்ற உயிரித்தொழில்நுட்ப நிறுவனத்துடன் குடும்பத்தினர் 2023இல் எட்டிய சமரசம் நூல் வெளிவந்த பின் நிகழ்ந்ததாகையால், தேர்வுக்குழு அதனைத் தனிக் குறிப்பாக வழங்குவது நல்லது. அந்த ஏற்பாட்டுடன் என் வாக்கு இந்நூலுக்கே.