கர்ட்டனா, நியூனமா? 1910-இல் கேம்பிரிட்ஜில் படிக்கப் போன பெண்ணுக்கு எது தோது

மேடை நாடகம் ஒன்றில், 1910-இல் கேம்பிரிட்ஜில் வேதியியல் படிக்கும் ஒரு பெண்ணை எழுத வேண்டியிருந்தது. அவளை எந்தக் கல்லூரியில் சேர்ப்பது என்பதுதான் முதல் கேள்வி. 1869-இல் தொடங்கிய கர்ட்டன், 1871-இல் தொடங்கிய நியூனம், இந்த இரண்டு பெண்கள் கல்லூரிகளில் ஒன்றாகத்தான் இருக்க முடியும். யோசித்துப் பார்த்து நியூனத்தில் சேர்த்துவிட்டேன்.

இரண்டுக்கும் பொதுவானவை நிறைய. எங்கே சேர்ந்தாலும் பேராசிரியர் அனுமதித்தால்தான் பல்கலைக்கழக வகுப்பில் உட்காரலாம். ஆண்கள் பட்டத்துக்காக எழுதும் அதே ட்ரைபாஸ் என்ற தேர்வை எழுதலாம், ஆனால் பட்டம் கிடையாது. முழுப் பட்டம் கிடைக்க 1948 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அதனால் இதை வைத்து ஒன்றை உயர்த்தவும் முடியாது, தாழ்த்தவும் முடியாது.

வசதி என்று பார்த்தால் கர்ட்டனுக்குத்தான் மதிப்பெண். ஆளுக்குப் படிக்க ஓர் அறை, படுக்க ஓர் அறை என்பது அங்கே ஆரம்பத்திலிருந்தே இருந்த வழக்கம். நியூனத்தில் ஒரே அறைதான். கர்ட்டனில் 1900-இலேயே கூரையிட்ட நீச்சல் குளம் வந்துவிட்டது. அங்கே மாணவிகளே நடத்திய தீயணைப்புப் படையும் இருந்தது. ஊரிலிருந்து வண்டி வந்து சேர்வதற்குள் எல்லாம் எரிந்துவிடும் என்பதால் குழாய், வாளியோடு பெண்களே பயிற்சி எடுத்தார்கள்.

ஊரிலிருந்து வண்டி வர ஏன் அவ்வளவு நேரமாகும்? என் முடிவுக்குக் காரணமே அந்தத் தூரம்தான். கர்ட்டன் ஊர் நடுவிலிருந்து ஏறக்குறைய 4 கிலோமீட்டர் தள்ளி, ஹண்டிங்டன் சாலையில் இருக்கிறது. நிறுவிய எமிலி டேவிஸ் வேண்டுமென்றேதான் தள்ளி வைத்தார். இளைஞர்கள் நிறைந்த ஊருக்குள் மகளை அனுப்பப் பயந்த பெற்றோருக்கு அது ஆறுதல். நியூனத்திலிருந்தோ ஆற்றைக் கடந்து நடந்தே வகுப்புக்குப் போய்விடலாம்.

அறிவியல் படிக்கும் பெண்ணின் ஒரு நாளை எடுத்துக்கொள்ளுங்கள். காலையில் வகுப்பு, மதியத்துக்கு மேல் செய்முறை. பல்கலைக்கழக ஆய்வுக்கூடங்களில் பெண்களுக்குச் சரியாக இடம் கொடுக்காததால், ஊருக்குள் ஒரு பழைய தேவாலயக் கட்டடத்தில் 1884-இல் பால்ஃபர் ஆய்வுக்கூடம் திறந்தார்கள். இரண்டு கல்லூரிப் பெண்களும் உயிரியல் செய்முறைக்கு அங்கேதான் வந்தார்கள். நியூனம் பெண் நடுவில் அறைக்குப் போய்ச் சாப்பிட்டுவிட்டு வரலாம். கர்ட்டன் பெண்ணுக்கு ஒரு முறை வந்துபோகவே 8 கிலோமீட்டர். சைக்கிளோ, கல்லூரி ஏற்பாடு செய்யும் குதிரை வண்டியோ வேண்டும். டிசம்பரில் மாலை 4 மணிக்கே அங்கே இருட்டிவிடும். அந்த நேரத்தில் மேட்டில் சைக்கிள் மிதிக்க வேண்டுமே என்ற நினைப்பிலேயே சோதனையைப் பாதியில் மூட்டை கட்டத் தோன்றும். கர்ட்டனுக்குள்ளும் சின்னதாக ஓர் ஆய்வுக்கூடம் இருந்தது, ஆனால் வகுப்புகள் ஊரில்தானே.

என் நாயகிக்கு வேதியியல் என்பதால் இன்னொன்றும் சேர்ந்துகொண்டது. நியூனத்தின் வேதியியல் கூடம் கல்லூரித் தோட்டத்திலேயே இருந்தது. அங்கே கற்பித்தவர் ஐடா ஃப்ராய்ண்ட். சிறு வயதில் சைக்கிள் விபத்தில் ஒரு காலை இழந்தவர். தேர்வுக்கு முன்னால் தனிமவரிசை அட்டவணையைப் படிக்க வாருங்கள் என்று மாணவிகளைக் கூப்பிடுவார். போய்ப் பார்த்தால், ஒவ்வொரு தனிமத்துக்கும் ஒரு கேக், மேலே சர்க்கரைப் பாகில் அதன் பெயர்! இப்படி ஓர் ஆசிரியை தோட்டத்திலேயே இருக்கும்போது வேறு இடத்தைத் தேட எனக்கு மனம் வரவில்லை.

கணிதம் படிக்கும் பெண்ணென்றால் இவ்வளவு அடித்துச் சொல்ல மாட்டேன். அவளுக்குத் தாளும் மேசையும் அமைதியும் போதும். கர்ட்டனின் இரண்டு அறைகள் அங்கே வென்றுவிடலாம். மொழி, வரலாறு படிப்பவர்களுக்கும் கணக்கு மாறக்கூடும்.

ஊருக்குப் பக்கத்தில் இருப்பதற்கு நியூனம் ஒரு விலையும் கொடுத்தது. 1921-இல் பெண்களுக்கு முழு உரிமை மறுத்துப் பல்கலைக்கழகம் வாக்களித்த அன்று, ஆண் மாணவர் கூட்டம் ஒன்று நேராக அங்கே போய், முதல் முதல்வர் ஆன் க்ளஃபின் நினைவாக வைத்திருந்த வெண்கலக் கதவுகளைத் தள்ளுவண்டியால் இடித்துச் சேதப்படுத்தியது. படிக்கும்போதெல்லாம் கோபம் வருகிறது. என் நாடகம் 1912-இல் முடிவதால் அந்த நிகழ்ச்சிக்கு இடமில்லை. 1920-களில் கதை வைப்பவர்கள் அந்தக் கதவுகளைக் கட்டாயம் எழுத வேண்டும்.