பைதனில் தமிழ் மெயில்: சில வருட அனுபவம்

எங்கள் ஊர் நலன்புரிச் சங்கத்தின் பற்றுச்சீட்டு மெயில்கள் கொக்குவிலில் உள்ள ஒரு பழைய கணினியிலிருந்துதான் போகின்றன. காசு அனுப்பியவர் பரிஸிலோ ஒஸ்லோவிலோ இருப்பார். ஆகவே மெயிலில் தமிழோடு, தலையில் சாய்கோடு போட்ட பிரெஞ்சு ஈ, குறுக்கே கோடு கீறிய நோர்வே ஓ எல்லாம் கலந்து வரும். சில வருடங்களாக இதைப் பைதன் என்ற நிரல்மொழியின் ஈமெயில் தொகுதிதான் சமாளிக்கிறது. அனுப்புகிற வேலையை அதை நம்பி விடலாம். தரவு உள்ளே வருகிற இடத்தில்தான் நாங்கள் முழித்திருக்க வேணும்.

முன்பிருந்த நிரல் மெயில் தலைப்பைத் தானே பேஸ்64 (எதையும் சாதாரண ஆங்கில எழுத்து, எண்களாக மாற்றி எழுதும் முறை) ஆக்கி, நீளம் பார்த்து வெட்டி அனுப்பியது. ஆங்கிலத் தலைப்புக்கு ஒரு குறையும் தெரியாது. தமிழ் என்றால் நடுவில் ஒரு எழுத்து கருப்புக் கட்டத்துக் கேள்விக்குறியாகிவிடும். காரணம் இதுதான்: 1996இல் வந்த ஆர்எப்சி 2047 என்ற இணைய விதிமுறை ஆவணத்தின்படி, தலைப்பின் ஒவ்வொரு குறிமுறைத் துண்டும் 75 எழுத்தைத் தாண்டக்கூடாது, ஒரு எழுத்தின் பைட்டுகளை இரண்டு துண்டுக்குப் பிரிக்கவும் கூடாது. அந்த 75இல் 12 எழுத்து, யூடிஎப்-8 (யுனிகோடு எழுத்துகளைப் பைட்டுகளாக எழுதும் முறை), பேஸ்64 என்று அறிவிக்கவே போய்விடும். தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் யூடிஎப்-8இல் 3 பைட், பேஸ்64இல் 4 எழுத்து. ஆக ஒரு துண்டில் 15 குறியீடுதான் கொள்ளும். 'யாழ்ப்பாணம்' என்ற ஒரு சொல்லே, கால், புள்ளி எல்லாம் எண்ணினால், 11. அடுத்த சொல் பெரும்பாலும் துண்டு மாறும்.

பைதன் 3.6இலிருந்து நிலைபெற்ற ஈமெயில்மெசேஜ் வகுப்பில் இந்தக் கணக்கு எதுவும் எங்கள் தலையில் இல்லை. தலைப்பைச் சாதாரணச் சரமாகக் கொடுத்தால் போதும். இணையத்தில் கிடைக்கும் பழைய உதாரணங்கள் பல இன்னும் மைம்டெக்ஸ்ட் என்ற பழைய வகுப்பைத்தான் காட்டுகின்றன. புதிதாகத் தொடங்குபவர்கள் அந்தப் பக்கம் போக வேண்டாம்.

ஒரு குறை. உடற்பகுதியில் நீண்ட வரிகள் இருந்தால், பைதன் முதல் 10 வரிகளை மட்டும் பார்த்துக் குறிமுறையைத் தீர்மானிக்கிறது. எங்கள் மெயிலில் மேலே வங்கி விபரம் ஆங்கிலத்தில், கீழேதான் தமிழ். அதனால் ஆங்கிலத்தை அப்படியே விட்டு மற்றதை மட்டும் மாற்றி எழுதும் கோட்டட் பிரிண்டபிளைத் தெரிவு செய்துவிடும். அதில் ஒரு தமிழ்க் குறியீட்டுக்கு 9 எழுத்து. 'யாழ்ப்பாணம்' பேஸ்64இன் 44க்குப் பதில் 99 எழுத்தாக வீங்கும். பேஸ்64 என்று நாமே சொல்லிவிட்டால் தீர்ந்தது. என்ன, பிறகு மூலத்தைக் கண்ணால் வாசிக்க ஏலாது.

பெரிய தலையிடி எக்செல் கோப்புகள்தான். பரிஸ் கிளைப் பொருளாளர் அண்ணை பட்டியலை எக்செலிலிருந்து வெறும் எழுத்துக் கோப்பாக (சிஎஸ்வி), விண்டோஸ்-1252 என்ற மேற்கு ஐரோப்பியக் குறிமுறையில் சேமித்து அனுப்புவார். அந்தக் குறிமுறையில் தமிழுக்கு இடமே இல்லை, பெயர்கள் வெறும் கேள்விக்குறிகளாக வந்து சேரும். "தம்பி, எனக்கு இங்கை வடிவாத்தானே தெரியுது" என்பார். "அண்ணை, அப்படி மாற்றிச் சேமிக்காத மூலக்கோப்பை அனுப்புங்கோ" என்பதைத் தவிர வேறு வழியில்லை. கேள்விக்குறியிலிருந்து பெயரை மீட்கவே முடியாது.

மறுபக்கமாகக் குழம்பியது பரவாயில்லை. தலையில் சாய்கோடு போட்ட ஆங்கில ஏ, பக்கத்தில் வட்டத்துக்குள் ஆர் என்று திரும்பத் திரும்ப வந்தால் தமிழ் அழியவில்லை, யூடிஎப்-8ஐ வேறொன்றாக வாசித்திருக்கிறார்கள். ஆனால் அதை விண்டோஸ்-1252 வழியாகத் திருப்பப் போனால் பைதன் புள்ளியில் நின்றுவிடும். புள்ளியின் கடைசி பைட் 141, அந்த இடம் அங்கே காலி. லத்தீன்-1 என்ற இன்னொரு மேற்கு ஐரோப்பியக் குறிமுறையாக வாசித்திருந்தால், அதே லத்தீன்-1 வழியாகத் திரும்பி வரும்.

இன்னொன்று, தேடல். 'கொ'வின் கொம்பையும் காலையும் சிலர் ஒரே குறியீடாகத் தட்டுவார்கள், சில கோப்புகளில் இரண்டாகப் பிரிந்து கிடக்கும். பார்வைக்கு ஒன்று, ஒப்பிட்டால் வேறு. அதனால் ஒரே கொக்குவில் முகவரி பட்டியலில் இரண்டு முறை விழும். பிரெஞ்சு ஈக்கும் இதே கதை. வாங்கிய உடனே என்எப்சி (பிரிந்த குறியீடுகளை ஒன்றாகச் சேர்க்கும் யுனிகோடு) வடிவத்துக்கு மாற்றினால் இரண்டும் சரி. பாமினி என்ற பழைய எழுத்துருவில் தட்டிய அங்கத்தவர் பதிவேடு மட்டும் இதற்கெல்லாம் மசியாது, கணினிக்கு அது வெறும் ஆங்கில எழுத்து. தனியாக யுனிகோடுக்கு மாற்றித்தான் சேர்த்தோம்.

மெயில் முகவரியிலேயே, அட் குறிக்கு முன்னால், இப்படிச் சாய்கோடு எழுத்து இருந்தால் மட்டும் நான் இன்னும் ஏற்பதில்லை. 2012இன் ஆர்எப்சி 6531 அதற்கு வழி செய்திருக்கிறது, பைதனும் அனுப்பும். வழியில் ஒரு சேர்வர் ஒத்துவராவிட்டாலும் மெயில் திரும்பி வந்துவிடும் என்பதால், அப்படியானவர்களிடம் வேறொரு சாதாரண முகவரி கேட்டு வாங்குகிறோம்.