ஒத்தசொல் மாற்றும் கருவி: மூன்று வருடம் பழகிய பிறகு

கட்டுரை திருத்துவதும் மெய்ப்புப் பார்ப்பதும் என் வேலை. ஒரே சொல் ஒரு பத்தியில் நாலு தடவை வந்தால் கை தானாக மாற்றப் போகும். அதற்கு உதவும் என்றுதான் மூன்று வருடத்துக்கு முன் ஒத்தசொல் மாற்றும் மென்பொருள் ஒன்றை வாங்கினேன்.

சொல்லைத் தொட்டால் பட்டியல் விரியும். கண் என்றால் விழி, நயனம், நேத்திரம் எல்லாம் வரும். ஆனால் ‘அந்த வேலைமேல் அவனுக்கு ஒரு கண்’ என்ற இடத்தில் விழியை வைத்தால் ஆசை காணாமல் போய்விடும். ஒருமுறை மருத்துவக் கட்டுரையில் ‘நெஞ்சு வலி’யை ‘உள்ள வலி’ ஆக்கியிருந்தது. மாரடைப்புக்கான அறிகுறி மனவருத்தமாகிவிட்டது! மொத்தமாக மாற்றும் பொத்தானை அன்றோடு தொடுவதில்லை.

பெரிய பாடம் ஒரு நினைவுக் குறிப்பில் கிடைத்தது. அப்பாவைப் பற்றி மகள் எழுதியது. ‘காலமானார்’ மூன்று இடத்தில் வந்தது. பட்டியலில் மாண்டார், மடிந்தார், மறைந்தார், செத்தார் என்று நின்றன. ஓர் இடத்தில் ‘மடிந்தார்’ என்று போட்டு அனுப்பினேன். அந்தப் பெண் போனில் அழைத்து, “அப்பாவை அப்படிச் சொல்லாதீங்க சார்” என்றார். வேறொன்றும் சொல்லவில்லை. பயிர் மடியும், போரில் வீரர்கள் மடிவார்கள். தூக்கத்தில் உயிர் பிரிந்த ஒரு தகப்பனுக்கு அந்தச் சொல் ஆகாது. மூன்று இடத்திலும் ‘காலமானார்’ என்றே திருப்பி வைத்தேன். படிக்கும்போது அது திரும்ப வந்ததே உறுத்தவில்லை.

இது நம் இலக்கணத்துக்குப் புதிதும் அல்ல. ஈ, தா, கொடு மூன்றும் ஒரே செயலைக் கேட்பவைதான். ஆனால் தாழ்ந்தவன் கேட்டால் ஈ, ஒத்தவன் கேட்டால் தா, உயர்ந்தவன் கேட்டால் கொடு என்று தொல்காப்பியம் பிரித்துவைத்திருக்கிறது. யார் யாரிடம் பேசுகிறார் என்பதும் பொருளில் சேர்த்திதான். பழைய அகராதிகளான நிகண்டுகள், ஒரே பொருள் தரும் சொற்களைச் செய்யுளில் அடுக்கித் தந்தன. மனப்பாடத்துக்கு அது சரி. எந்தச் சொல் எதனோடு சேரும் என்பதை அந்த அடுக்கு சொல்லாது. இந்த மென்பொருளும் அப்படித்தான்.

அதனால் இப்போது பக்கத்தில் க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதியும் திறந்தே இருக்கும். 1992இல் முதலில் வந்தது, 2020இல் மூன்றாம் பதிப்பு. அதில் எடுத்துக்காட்டு வாக்கியங்கள் இருப்பதால் சொல் புழங்கும் இடம் கண்ணுக்குத் தெரியும். புதுச் சொல்லை வைத்ததும் வாக்கியத்தை வாய்விட்டுப் படிப்பேன். நாக்கு தடுக்கினால் பழைய சொல்லே இருக்கட்டும்.

சரி, மென்பொருளைத் தூக்கிப் போட்டேனா என்றால் இல்லை. நுனிநாக்கில் நின்று வராத சொல்லை எடுத்துக்கொடுப்பதில் அதற்கு இணை கிடையாது. வாரத்தில் ஐந்தாறு தடவையாவது அதற்காகத் திறக்கிறேன். ஒவ்வொரு சொல்லோடும் ஒரே ஒரு வாக்கியம் சேர்த்துத் தரும்படி தயாரித்தவர்களுக்கு எழுதியிருக்கிறேன்.