மனநிலையைக் குறித்துவைக்கும் செயலி எப்படி இருக்கிறது?

தன்னைத்தானே நேர்மையாகக் கவனித்துப் பழக விரும்புகிறவர்களுக்கு இந்த மாதிரிச் செயலியைத் தயங்காமல் பரிந்துரைப்பேன். நாம் எதிர்பார்க்காத ஏதோ ஒரு நேரத்தில் போன் அதிரும். இப்போது என்ன செய்கிறீர்கள், மனம் எங்கே இருக்கிறது, உடம்பில் என்ன தெரிகிறது என்று கேட்கும், அவ்வளவுதான். 1970களில் உளவியலாளர் மிஹாய் சிக்சென்ட்மிஹாயி பேஜர் கொடுத்து நடத்திய ஆய்வுகளின் முறைதான் இது. ராத்திரி உட்கார்ந்து டைரி எழுதினால் நாள் முழுக்க எரிச்சலாகவே இருந்த மாதிரி தோன்றும், ஏனென்றால் பெரிதாக நடந்ததும் கடைசியில் நடந்ததும்தான் நினைவில் நிற்கும். அந்தந்த நேரத்துக் குறிப்பைப் பார்த்தால் எரிச்சல் பசி நேரத்தில் மட்டும் இருந்திருக்கும். இதற்காகவே இதை வைத்துக்கொள்ளலாம்.

பிடிக்காதது, 'ஏன் அப்படி உணர்ந்தீர்கள்' என்ற கேள்வி. காரணம் கேட்டால் மனசு உடனே ஒன்றைத் தயாரித்துத் தந்துவிடும், 1977இல் உளவியலாளர்கள் நிஸ்பெட்டும் வில்சனும் எழுதியது இதைப் பற்றித்தான். அதை அணைத்துவிட்டேன். "அவர் என்னை மதிக்கவில்லை" என்பதைவிட "அவர் பதில் சொல்லவில்லை, என் தோள் இறுகியது" என்று எழுதுவது எவ்வளவோ மேல், முதலாவது தீர்ப்பு, இரண்டாவதுதான் கவனிப்பு.

தொடர்ந்து எழுதினால் புள்ளி தருவதும் வேண்டாத வேலை. மதிப்பெண் வந்துவிட்டால் நல்லவராகத் தெரியும்படி எழுதத் தொடங்கிவிடுவோம்.

அப்புறம், குறிப்புகள் எங்கே சேமிக்கப்படுகின்றன, முழுவதுமாக அழிக்க முடியுமா என்று பார்த்துவிட்டு நிறுவுங்கள்.