பழைய கூட்டெருக் குவியல்: புரட்டி அடுக்குவதா, கிடங்கில் போடுவதா?

2021 இல் இலங்கை அரசு இரசாயனப் பசளை இறக்குமதியைத் தடை செய்தபோது வன்னியில் பல வளவுகளில் கூட்டெரு போட்டார்கள். தடை நீங்கியது, குவியலும் மறந்துபோனது. எங்கள் வளவிலும் அப்படி ஒன்று கிடந்தது: மேலே காய்ந்த சருகு, உள்ளே சாம்பல் போல வறண்ட தூள்.

எதைச் செய்வதானாலும் முதலில் நீண்ட தடியால் தட்டிப் பாருங்கள். புடையன் பாம்புக்கு இதைவிட நல்ல வீடு கிடையாது.

புரட்டி அடுக்குவது என்றால் நாரிதான் நோகும். வைக்கோல், சருகு ஒரு படை, பச்சைச் சீமைக்கிளுவை இலை, மாட்டுச்சாணம் ஒரு படை, ஒவ்வொன்றுக்கும் தண்ணீர். பிடித்துப் பிழிந்தால் ஓரிரு துளி வரும் ஈரம் போதும். குவியல் ஒரு மீற்றர் உயரமாவது இருந்தால்தான் உள்ளே சூடேறும். 55 பாகைக்கு மேல் சில நாள் நின்றால் களை விதையும் பெரும்பாலும் செத்துவிடும். இரண்டு கிழமைக்கு ஒருமுறை புரட்டினால் மூன்று மாதமளவில் எரு தயார்.

நிலத்தில் கிடங்கு வெட்டி அதில் போட்டால் வேலை குறைவு, கோடையில் ஈரமும் நிற்கும். ஆனால் காற்றுப் போகாததால் மெதுவாகத்தான் உக்கும். ஐப்பசி, கார்த்திகை மாரியில் கிடங்கு நிரம்பினால் நாற்றம் அயல்வீடு வரை போகும்.

ஆடியில் தொடங்குபவருக்கு நான் புரட்டத்தான் சொல்வேன்; மாரிப் பயிருக்கு எரு கைக்கு வந்துவிடும். கிணறு வற்றும் வளவென்றால் மட்டும் கிடங்கு, அதுவும் மழைக்கு முன் அள்ளிவிடுவதாக இருந்தால் சரி.